ஓலைகளைத் தேடிய ஒரு வாழ்வு

ஒவ்வொரு வீட்டிலும் மிகப் பழைய பொருள் என்று ஏதேனும் ஒன்று இருக்கும். சில வீடுகளில் அது கொள்ளுப்பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை அண்டா. சில வீடுகளில் பூட்டுத் துருப்பிடித்த மரப்பெட்டி. இன்னும் சில வீடுகளில் நான்கு தலைமுறைகளின் விரல்கள் பட்டுத் தேய்ந்த ஜெபமாலை. எங்கள் வீட்டில் அது ஓர் ஓலைச்சுவடிக் கட்டு.

ஆண்டிமடத்துக்கு அருகே முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் பரண்மேல் அந்தக் கட்டு வெகுகாலம் கிடந்தது. எனக்கு எட்டு வயது இருக்கும்போது நானும் என் தம்பியும் பரண்மேல் ஏறி அதைக் கண்டெடுத்தோம். பனையோலையில் காற்றாடி செய்யத் தெரிந்த எங்களுக்கு அதுவும் வெறும் ஓலையாகவே தோன்றியது. கயிற்றை அவிழ்த்து ஒவ்வொன்றாக உருவி வளைத்தோம். வளைத்த மாத்திரத்தில் அவை அப்பளம்போல் ஒடிந்தன. ஒன்று ஒடிந்தால் மற்றொன்று என்று பத்துப் பன்னிரண்டு ஓலைகளை ஒடித்துவிட்டோம். அப்பாயி வந்து பார்த்தார்கள். எங்களை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. தரையில் உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார்கள். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது தம் மாமனார் வைத்துப் படித்த ஏடு என்பது மட்டுமே தெரியும்.

சென்ற ஆண்டு எங்கள் தமிழாசிரியை தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையரின் வரலாற்றை வகுப்பில் கூறினார்கள். வகுப்பு முழுவதும் ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தது. நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். எந்தப் பொருளை நான் காற்றாடி செய்யப் போய் ஒடித்தேனோ, அந்தப் பொருளைத் தேடியே ஒரு மனிதர் தம் வாழ்நாளெல்லாம் அலைந்திருக்கிறார்! அன்று முதல் அவரைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். படித்தபோது அவர் நம் மாவட்டத்து மண்ணிலும் நடந்து வளர்ந்த பிள்ளை என்று அறிந்து மகிழ்ந்தேன். அதனையே இங்கு எழுத முன்வந்தேன்.

நம் மண்ணில் வளர்ந்த பிள்ளை

சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் பிறந்தார். பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரம் அவருடைய சொந்த ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். இராமாயணக் கதையை இசையோடு சொல்லி வந்தவர். தாயார் சரசுவதி அம்மாள். பிள்ளைக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன் என்றாலும், வீட்டில் சாமிநாதன் என்றே அழைத்தனர். பின்னர் ஆசிரியரும் அப்பெயரையே விரும்பியதால் அதுவே நிலைத்தது.

தந்தையார் இசை பயின்றது எங்கே தெரியுமா? நம் ஆண்டிமடத்துக்கு அண்மையிலுள்ள உடையார்பாளையம் ஜமீனில் புகழோடு விளங்கிய கனம் கிருஷ்ணையரிடத்தில்தான். கிருஷ்ணையர் அவர்களுக்கு உறவினரும் ஆவார். பின்னர் வேங்கடசுப்பையர் அரியலூர் ஜமீனின் ஆதரவைப் பெற்று, அரியலூரில் குடும்பத்தோடு வாழ்ந்தார். ஜமீன்களின் செல்வ நிலை அந்நாளில் தளர்ந்துகொண்டிருந்தது. ஆகவே குடும்பம் ஓரிடத்தில் நிலைத்து வாழ இயலவில்லை.

இன்று நாம் வீடு என்றால் நான்கு சுவரும் ஒரு கதவெண்ணும் என்று நினைக்கிறோம். அச்சிறுவனுக்கு வீடு என்பது அடிக்கடி மாறும் ஒன்றாக இருந்தது. ஓர் ஊரில் சில மாதங்கள் தந்தை இராமாயணம் சொல்வார். கதை முடிந்ததும் ஊரார் தம்மால் இயன்ற பணமும் துணியும் தானியமும் அளிப்பார்கள். பிறகு வேறோர் ஊரிலிருந்து அழைப்பு வரும். குடும்பம் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படும். சேர்த்து வைப்பதற்குப் பொருளுமில்லை. பூட்டி வைப்பதற்குப் பெட்டியுமில்லை. ஆனால் போன ஊரிலெல்லாம் அன்புடையோர் இருந்தனர்.

இந்த அலைச்சலில் ஒரு நன்மை விளைந்தது. அரியலூரில் சடகோப ஐயங்கார் என்னும் பெரியவர் சிறுவனுக்குத் தமிழ்ச் சுவையை ஊட்டினார். அந்தச் சுவை ஒருமுறை நாவில் பட்டபின் வேறெதுவும் அவனுக்கு இனிக்கவில்லை. மகனின் ஆசையைக் கண்ட தந்தை, எந்த ஊரில் நல்ல தமிழாசிரியர் இருக்கிறாரோ அந்த ஊருக்கே குடும்பத்தை அழைத்துச் சென்றார். குன்னத்திலும் கார்குடியிலும் பெரம்பலூரை அடுத்த செங்கணத்திலும் அவன் பாடம் கேட்டான். கார்குடிக் கஸ்தூரி ஐயங்காரும் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரும் காசு பணம் கருதாமல் இலக்கணம் கற்பித்தனர். பிழைப்புக்காகக் குடும்பத்தை இடம் மாற்றுவோர் உண்டு. பிள்ளையின் தமிழுக்காக ஊர் ஊராகக் குடிபெயர்ந்த தந்தை வேங்கடசுப்பையர்!

உறவினருள் சிலர் ஆங்கிலம் படித்தால் இவ்வுலகில் நன்றாக வாழலாம் என்றும், வடமொழி படித்தால் மறுவுலகில் நன்றாக இருக்கலாம் என்றும் அறிவுரை கூறினர். வெறும் தமிழ் எதற்கும் உதவாது என்பது அந்நாளில் பலருடைய எண்ணம். பிள்ளையோ தமிழையே பற்றி நின்றான்.

மாயூரத்து ஆசான்

பதினேழு வயதளவில், 1871-ஆம் ஆண்டில், சாமிநாதன் மாயூரத்திலிருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். அந்நாளில் தமிழகத்தில் அவருக்கு இணையான தமிழ்ப் புலவர் இல்லை என்றால் அது மிகையாகாது. பாடல்கள் அருவிபோல் அவர் நாவிலிருந்து விழும். மாணவர்கள் எழுத்தாணியால் ஓலையில் எழுதிக்கொண்டே வருவார்கள். சாதியும் மதமும் பாராமல் யார் வந்து கேட்டாலும் பாடம் சொன்ன வள்ளல் அவர்.

நம் பள்ளியில் படிப்போர் அறிந்து மகிழவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அப்போது மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர். 1879-ஆம் ஆண்டில் தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டவர். பெண்கள் கல்வி கற்க வேண்டும் என்று அந்நாளிலேயே வற்புறுத்தியவர். அவரும் மகாவித்துவானும் உற்ற நண்பர்கள். அவர்மீது மகாவித்துவான் ஒரு கோவை நூலே பாடியிருக்கிறார். மகாவித்துவானின் மாணவருள் சவேரிநாத பிள்ளை என்ற கிறித்தவரும் இருந்தார். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மகாவித்துவான் உயிர் நீத்தபோது, அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தவர் இந்தச் சவேரிநாத பிள்ளை. அருகிலிருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதையர். ஆசிரியரின் கடைசி மூச்சின்போது இரண்டு சமயத்து மாணவர்கள் இரு கைகள்போல் உதவிய அக்காட்சியை நினைக்கும்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது.

ஆசிரியர் மறைந்த பிறகு திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் அன்பு நிழலில் சாமிநாதையர் வாழ்ந்தார். 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்குச் சாமிநாதையரே தகுதியானவர் என்று சொல்லி அதனை அவருக்கு வாங்கிக் கொடுத்தார். அலைந்து திரிந்த குடும்பத்துக்கு ஒரு நிலையான வருவாய் கிடைத்தது. இனிச் சுகமாக வாழலாம் என்று எவரும் நினைத்திருப்பார்கள்.

வாழ்வை மாற்றிய ஒரு வினா

அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அவர் வாழ்வு திசை மாறியது. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண அவர் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். சாமிநாதையர் தாம் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று நீண்ட பட்டியலை உற்சாகத்தோடு ஒப்புவித்தார். முதலியாரின் முகத்தில் வியப்பு ஏதும் தோன்றவில்லை. இவையெல்லாம் பிற்காலத்து நூல்கள் ஆயிற்றே, இவற்றுக்கு மூலமான சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்று கேட்டார்.

சாமிநாதையர் அவற்றைப் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடமாகச் சொன்னதில்லை. இன்று சிலப்பதிகாரம் பற்றித் தெரியாத பள்ளிப் பிள்ளை உண்டா? ஆனால் அன்று தமிழ்நாட்டின் தலைசிறந்த புலவரிடம் பயின்ற மாணவரே அதைக் கண்ணால் பார்த்ததில்லை! நம் வீட்டுச் சொத்து நம் வீட்டுப் பரணிலேயே கிடந்தும் நமக்குத் தெரியாமல் போன கதைதான் இது.

முதலியார் தம்மிடமிருந்த சீவகசிந்தாமணியின் கையெழுத்துப் படியைக் கொடுத்தார். சாமிநாதையர் அதைப் படிக்கத் தொடங்கினார். எவ்வளவோ படித்தவருக்கு அந்நூல் புரியவில்லை. அது சமண சமயத்தைச் சேர்ந்த திருத்தக்க தேவர் இயற்றிய காப்பியம். தாம் அறிந்த சைவ நூல்களின் துணையைக்கொண்டு அதைத் திறக்க முடியவில்லை என்பதை அவர் உணர்ந்தார்.

பிறர் வீட்டுத் திண்ணையில்

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதற்கும் ஒரு துணிவு வேண்டும். கல்லூரி ஆசிரியர், சைவ மடத்தின் செல்லப் பிள்ளை, பெரும் புலவரின் மாணவர் என்ற பெருமைகளையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீட்டைத் தேடி அவர் சென்றார். அவர் சென்ற நாளில் அவ்வீட்டு வாயிலில் கோலமும் தோரணமும் விளங்கின. ஏதோ திருமணம் போலும் என்று எண்ணி விசாரித்தார். தாங்கள் பல மாதங்களாகப் படித்து வந்த சிந்தாமணி அன்று நிறைவு பெற்றது என்றும், அதற்காகவே அந்தக் கொண்டாட்டம் என்றும் அவர்கள் கூறினார்கள்.

சாமிநாதையர் வியப்பில் ஆழ்ந்தார். புலவர்கள் மறந்துவிட்ட நூலை வியாபாரம் செய்யும் எளிய குடும்பத்தார் தம் வீட்டுத் திருநூலாகப் போற்றிப் படித்து வந்திருக்கிறார்கள்! அவர் அவர்கள் முன் மாணவராக அமர்ந்தார். கல்லூரி முடிந்த பிறகு அவர்களிடம் சென்று ஐயம் தெளிந்து வந்தார். அவர்களும் மகிழ்வோடு சொல்லிக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் மணிமேகலையை ஆராய்ந்தபோது பௌத்த சமயத்தைப் பற்றி விளக்கம் சொல்லத் தமிழ்நாட்டில் பௌத்தர் எவரும் அவருக்குக் கிடைக்கவில்லை. அப்போது கும்பகோணம் கல்லூரியிலிருந்த ரங்காசாரியரின் துணையால் ஆங்கில நூல்களின் செய்திகளைக் கேட்டறிந்து அச்சமயத்தைக் கற்றார். தம் சமயத்தில் உறுதியாக நின்றுகொண்டே பிறர் சமயத்து நூலைப் பிழையின்றி உலகுக்குத் தரவேண்டும் என்று ஒருவர் இத்தனை பாடுபடுவது அந்நாளில் புதுமையாக இருந்தது. எதிர் சமயத்து நூலுக்கு உழைப்பதேன் என்று குறை கூறியோரும் உண்டு. அவர் அதற்கெல்லாம் செவிசாய்க்கவில்லை.

ஓலையின் இயல்பு

இங்கே ஓலைச்சுவடியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். பனையோலையைப் பக்குவப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டு, கயிற்றில் கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவார்கள். இரும்பு எழுத்தாணியால் ஓலையைக் கீறி எழுதுவார்கள். எழுத்துத் தெளிவாகத் தெரிவதற்காக மையோ பச்சிலைச் சாறோ தடவித் துடைப்பார்கள்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று புள்ளி வைப்பதில்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் எளிதில் தெரியாது. நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தொண்டாற்றிய வீரமாமுனிவர், இத்தாலி நாட்டிலே பிறந்தும், தமிழ் எழுத்தின் இந்தக் குறையைக் கண்டு, குறிலையும் நெடிலையும் வேறுபடுத்திக் காட்டும் முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் அமைத்துத் தந்தார். இன்று நாம் எளிதாகப் படிப்பதற்கு அவரும் ஒரு காரணம். ஆனால் சாமிநாதையர் கையில் கிடைத்த ஏடுகளோ பழைய முறையிலேயே எழுதப்பட்டவை.

ஓலைக்கு நீண்ட ஆயுளும் இல்லை. கறையானும் பூச்சியும் ஈரமும் அதைத் தின்றுவிடும். ஆகவே சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஓலையில் பெயர்த்து எழுதியாக வேண்டும். சங்கப் பாடல்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானவை. அவ்வளவு பழைய ஓலை எந்த வீட்டிலும் இல்லை. ஆனால் யாரோ ஒருவர் தம் காலத்தில் அமர்ந்து அதைப் பெயர்த்து எழுதினார். அவருக்குப் பின் இன்னொருவர் எழுதினார். அப்படிக் கைமாறிக் கைமாறி வந்ததால்தான் அந்தச் சொற்கள் உயிரோடு இருந்தன. ஒரே ஒரு தலைமுறை சோம்பியிருந்தாலும் போதும், சங்கிலி அறுந்துவிடும். சாமிநாதையர் பிறந்த காலம் அத்தகைய காலம். அச்சு வந்துவிட்டதால் ஓலையில் பெயர்த்து எழுதுவோர் குறைந்தனர். ஓலையில் இருந்தவற்றுள் பெரும்பாலானவையோ இன்னும் அச்சேறவில்லை.

ஆற்றிலும் தீயிலும்

சாமிநாதையர் ஏடு தேடிப் புறப்பட்டார். கல்லூரி விடுமுறை வந்தால் பிறர் சொந்த ஊருக்குப் போவார்கள். அவரோ மாட்டு வண்டியிலும், ரயிலிலும், வழியில்லாத இடத்தில் கால்நடையாகவும் ஊர் ஊராகச் செல்வார். புலவர் பரம்பரை வீடுகளிலும் மடங்களிலும் கோயில்களிலும் புகுந்து விசாரிப்பார். திருநெல்வேலியில் ஈசுவரமூர்த்திக் கவிராயர் வீட்டில் ஏடுகள் தூசியில்லாமல் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு அவர் ஆனந்தம் அடைந்தார். அங்கே பத்துப்பாட்டு ஏடும் அவருக்குக் கிடைத்தது.

எல்லா இடத்திலும் அந்த மகிழ்ச்சி கிடைக்கவில்லை. சில வீடுகளில் பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பழையதை ஆற்றோடு விடுவது புண்ணியம் என்று அவர்கள் நம்பினார்கள். தென்பாண்டி நாட்டுக் கரிவலம்வந்தநல்லூரில், பாண்டிய அரசர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அங்கே கூறினர். கேட்டவர் மனம் எப்படித் துடித்திருக்கும்!

யாரும் கெட்ட எண்ணத்தோடு அவற்றை அழிக்கவில்லை. பக்தியோடுதான் ஆற்றில் விட்டார்கள். பக்தியோடுதான் தீயில் இட்டார்கள். தங்கள் கையில் இருப்பது இன்னதென்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. பரண்மேல் உட்கார்ந்து ஓலையை வளைத்த எட்டு வயதுச் சிறுமிக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

தொண்ணூற்றொன்பது பூக்கள்

பத்துப்பாட்டில் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் தோழியரோடு தலைவி பறித்துக் குவித்த பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. மொத்தம் தொண்ணூற்றொன்பது பூக்கள். அப்பாட்டைப் பதிப்பிக்க முற்பட்டபோது, கிடைத்த ஏடுகளில் அப்பகுதியில் சில பூக்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. இருப்பதை அச்சிட்டால் போதும் என்று வேறொருவர் விட்டிருப்பார். சாமிநாதையரால் விட முடியவில்லை. தருமபுர ஆதீனத்துக்குச் சென்று, அங்கிருந்த கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கட்டவிழ்ந்து கலைந்து கிடந்த ஒற்றை ஏடுகளையும் விடாமல் பார்த்தார். கடைசியில் அந்தப் பகுதி கிடைத்தது! ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் பெயர் சொல்லி வைத்த மலர்கள் மீண்டும் தமிழ்ச் சோலையில் மலர்ந்தன.

சீவகசிந்தாமணி 1887-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், பெருங்கதை என்று அவர் பணி தொடர்ந்தது. குறுந்தொகையை 1937-ஆம் ஆண்டில், தம் எண்பத்திரண்டாம் வயதில் வெளியிட்டார்! பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஜூலியன் வின்சோனும் இங்கிலாந்திலிருந்து போப் ஐயரும் அவருக்குக் கடிதம் எழுதி உறவு கொண்டாடினர்.

பிறர் வாழாத வாழ்வு

ஊரார் கண்ணுக்கு அவர் வாழ்க்கை விசித்திரமாகவே தோன்றியிருக்கும். நிலம் வாங்கும் வயதில் அவர் செல்லரித்த ஓலை தேடினார். அச்சுக் கூலிக்கும் காகிதத்துக்கும் பணம் சேர்க்கக் கையொப்பம் வாங்கினார். இரவெல்லாம் விளக்கருகே அமர்ந்து ஒரே நூலின் பல ஏடுகளை ஒப்பு நோக்கி, எந்தப் பாடம் சரியானது என்று குறித்தார். விடுமுறையில் சென்னைக்குச் சென்று அச்சுப் பிழை திருத்தினார்.

1903-ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி, 1919-இல் ஓய்வு பெற்றார். பின்னர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1906-இல் மகாமகோபாத்தியாயர் என்ற பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரைத் தேடி வந்தன. சென்னைத் திருவல்லிக்கேணிப் பகுதியில் தாம் வாழ்ந்த வீட்டுக்கு அவர் சூட்டிய பெயர் தியாகராச விலாசம். தமக்கு வேலை வாங்கிக் கொடுத்த தியாகராச செட்டியாரை அவர் கடைசிவரை மறக்கவில்லை. நன்றி மறவாமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இறுதி நாள்கள்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ஆம் ஆண்டு, ஜப்பானியர் சென்னையைக் குண்டு வீசித் தாக்குவார்கள் என்ற அச்சம் பரவியது. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். கையில் அகப்பட்ட நகையையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினர். எண்பத்தேழு வயது நிறைந்த சாமிநாதையரும் திருக்கழுக்குன்றத்துக்குச் சென்றார். அவரோடு சென்றவை அவருடைய ஏடுகள். அங்கேயே அவ்வாண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் இறைவன் திருவடி சேர்ந்தார். அப்போது ஆனந்த விகடன் இதழில் அவர் எழுதிவந்த தம் வாழ்க்கை வரலாறு முற்றுப்பெறாமலே நின்றது.

அவர் தேடிச் சேர்த்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளைக் காக்க 1943-ஆம் ஆண்டில் சென்னையில் அவர் பெயரால் ஒரு நூலகம் நிறுவப்பட்டது. அது இன்றும் பெசன்ட் நகரில் இயங்கி வருகிறது. 2006-ஆம் ஆண்டு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளிவந்தது. ஆனால் அவர் வாழ்ந்த தியாகராச விலாசம் 2012-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. ஊரார் வீட்டுப் பழம்பொருளையெல்லாம் காத்தவரின் வீட்டை நாம் காக்கத் தவறிவிட்டோம். இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பழையதை இழப்பது அவர் காலத்தோடு முடிந்துவிடவில்லை. நம் காலத்திலும் நடக்கிறது.

எங்கள் வீட்டு ஏடு

எங்கள் வீட்டுச் சுவடியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதை எங்கள் தமிழாசிரியையிடம் காட்டினேன். பொறுமையோடு பல நாள் பார்த்துவிட்டு, அது மாட்டு வாகடம் என்று கூறினார்கள். மாடுகளுக்கு வரும் நோய்களையும் அவற்றுக்குரிய பச்சிலை மருந்துகளையும் சொல்லும் ஏடு. சிலப்பதிகாரம் அல்ல, சிந்தாமணி அல்ல. ஆயினும் எங்கள் முன்னோர் தம் மாடுகளைப் பிள்ளைகள்போல் பேணியதை அது சொல்கிறது. ஓர் ஓலையில் மாட்டுக்கு வயிறு உப்பினால் செய்ய வேண்டிய வைத்தியம் தொடங்குகிறது. இரண்டு மூலிகைகளின் பெயர்கள் இருக்கின்றன. மூன்றாவது மூலிகையின் பெயர் அடுத்த ஓலையில் இருந்திருக்கும். அந்த ஓலை இல்லை. அது எங்கே போயிற்று என்பது எனக்கும் என் தம்பிக்கும் தெரியும்.

அப்பாயி முந்தானையில் பொறுக்கிய துண்டுகளை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாள்களில் நான் அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறேன். நான்கு ஓலைகள் சேர்ந்துவிட்டன. மூன்றாவது மூலிகை இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றை ஒரு நோட்டில் பெயர்த்து எழுதி வருகிறேன். அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து நான் படிப்பதைக் கேட்கிறார்கள். தம் மாமனார் மாட்டுத் தொழுவத்தில் நின்று இந்தப் பெயர்களைச் சொல்லியிருக்கிறார் என்று ஒருநாள் நினைவுகூர்ந்தார்கள்.

அன்புத் தோழியரே! பெற்றோர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் பழம்பெட்டியிலும் ஏதேனும் ஓலையோ, செப்பேடோ, பழைய கடிதமோ இருக்கலாம். போகி அன்று தீயில் இடுமுன் ஒருமுறை அதைப் பிரித்துப் பாருங்கள். உங்களால் படிக்க இயலாவிட்டால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஓலைச்சுவடியானால், தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்திலும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் அதைப் படிக்கவும் காக்கவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்த் தாத்தாவைப்போல் நாடெங்கும் அலைந்து தேட நம்மால் இயலாது போகலாம். நம் வீட்டுப் பரணில் ஏறிப் பார்க்க நம் ஒவ்வொருவராலும் இயலும். அந்த அளவேனும் செய்து, அப்பெரியாரின் நினைவைப் போற்றுவோமாக!

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி